வேர்ச்சொல் பட்டியலை ஒப்பித்தால் இங்கிலீஷ் சொல்வளம் கூடுமா?

முலுண்ட் வித்யா:

எல்லோருக்கும் வணக்கம். என் பையன் பத்தாவது முடித்துவிட்டு பதினொன்றில் சயின்ஸ் சேர்ந்திருக்கிறான். மும்பையில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், கீழே காம்பவுண்டில் மராத்தியும் இந்தியும், பள்ளியில் இங்கிலீஷ். பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. புத்தகத்தைக் கையில் எடுத்தால்தான் கஷ்டம். நீளமான சொல் வந்தால் முதல் மூன்று எழுத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறான்.

டியூஷனில் கிரேக்க, லத்தீன் வேர்ச்சொற்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். இடப்பக்கம் வேர், வலப்பக்கம் பொருள். வாரா வாரம் ஒரு தாள் ஒப்பிக்க வேண்டும். நன்றாகவே ஒப்பிக்கிறான். ‘பெனெ என்றால் நல்லது’ என்று சொன்னவனிடம் அன்று மாலையே பேப்பரில் வந்த ‘பெனிஃபீஷியரி’ என்ற சொல்லைக் காட்டி அர்த்தம் கேட்டேன். திருதிருவென்று முழிக்கிறான்.

இதைத் தொடரச் சொல்லலாமா, நிறுத்தச் சொல்லலாமா? இப்படிப் படித்தவர்கள், சொல்லிக் கொடுத்தவர்கள் யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

தானே குமார்:

வித்யா அக்கா, நிறுத்த வேண்டாம். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுக்கும் பேங்க் தேர்வுக்கும் படிக்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். எஸ்எஸ்சியில் ஒரு விளக்கத்தைக் கொடுத்து அதற்கு ஒரே சொல் கேட்பார்கள். அங்கே வேர் தெரிந்தவனுக்குப் பயமே இல்லை. ‘சைட்’ என்று முடிந்தால் கொலை. ரெஜிசைட் அரசனைக் கொல்வது, மாட்ரிசைட் தாயை, ஃபிராட்ரிசைட் சகோதரனை, இன்ஃபன்டிசைட் குழந்தையை. ‘க்ரசி’ என்று முடிந்தால் ஆட்சி. தியோக்ரசி கடவுள் பெயரால் நடப்பது, புளூட்டோக்ரசி பணக்காரர்களுடையது, ஜெரன்டோக்ரசி வயதானவர்களுடையது. நாலு விகுதி கைவசம் இருந்தால் நாற்பது சொல் தானாக வரும்.

ஆனால் எந்தத் தேர்வு என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இயில் எதிர்ச்சொல், அனாலஜி கேள்விகள் 2011 ஆகஸ்டிலேயே போய்விட்டன. இப்போது வாக்கியத்துக்குள் வைத்துத்தான் சொல்லைக் கேட்கிறார்கள். எம்பிஏ சேர எழுதும் கேட் தேர்விலும் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதுதான் பெரும்பகுதி. அந்த மாதிரித் தேர்வுக்குப் பட்டியல் மட்டும் போதாது.

மாட்டுங்கா டீச்சர்:

வித்யா, உங்கள் பையனுக்கு ஞாபகசக்தியில் எந்தக் குறையும் இல்லை. குறை பட்டியலில் இருக்கிறது. நான் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெனிஃபீஷியரியில் வேர் ஒன்று இல்லை, இரண்டு. ‘பெனெ’ நல்லது, சரி. நடுவில் இருக்கும் ‘ஃபிக்’ என்ன? செய்தல். லத்தீனில் செய்வதற்கு ‘ஃபாகெரெ’ என்று பெயர். பட்டியலில் அது ‘ஃபாக்’ என்றோ ‘ஃபாக்ட்’ என்றோ இருந்திருக்கும். பையன் அதையும் ஒப்பித்திருப்பான். ஆனால் ‘ஃபிக்’ என்ற வேஷத்தில் வந்தபோது அதே ஆள் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

லத்தீனில் ஒரு வேர் தனியாக நின்றால் ஒரு முகம், முன்னால் ஒட்டு சேர்ந்தால் வேறு முகம். ஃபாக்ட், ஃபாக்டரி இரண்டிலும் வேர் முழுசாக இருக்கிறது. முன்னொட்டு வந்தவுடன் உயிரெழுத்து மெலிந்துவிடும்: பெர்ஃபெக்ட், டிஃபெக்ட், எஃபெக்ட். இன்னும் மெலிந்தால் எஃபிஷியன்ட், டெஃபிசிட், சஃபிஷியன்ட். பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தவை ‘ஃபை’ என்று முடியும்: சாடிஸ்ஃபை, ரெக்டிஃபை. எல்லாம் செய்தல்தான்.

‘காபெரெ’ என்றால் எடுத்தல், பிடித்தல். காப்சர், காப்டிவ் இரண்டும் அப்படியே தெரிகின்றன. அக்ஸெப்ட், கான்ஸெப்ட், எக்ஸெப்ட் என்பதில் ‘ஸெப்ட்’. ரெசிபியன்ட், பார்ட்டிசிபேட் என்பதில் ‘சிப்’. ரிஸீவ், டிஸீவ் என்பதில் பிரெஞ்சுக்காரர் கைபட்டு ‘ஸீவ்’. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் குவியலாக வந்தன. அதனால்தான் ரிஸீவ் ஒரு மாதிரி, ரிஸெப்ஷன் ஒரு மாதிரி. ‘டெனெரெ’ என்றால் வைத்திருத்தல். வாடகைக்கு வீட்டை வைத்திருப்பவர் டெனன்ட். மெயின்டெயினில் ‘டெயின்’, கன்டினென்டில் ‘டின்’.

இது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதே இல்லை. ‘வந்தான்’ என்ற சொல்லைப் பிரித்துக் காட்டச் சொன்னால் பகுதி ‘வா’, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம் என்று நாம் எழுதவில்லையா? பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று ஆறு உறுப்புக்குப் பெயர் வைத்துப் பிரித்த மொழி நம்முடையது. ஃபாக்ட் என்பது ஃபெக்ட் ஆவதும் அதே மாதிரி ஒரு விகாரம்தான்.

சந்தியும் அங்கே உண்டு. ‘இன்’ என்றால் இல்லை என்று படித்துவிட்டு, இம்பாஸிபிள் என்பதில் ஏன் ‘இம்’, இல்லீகலில் ஏன் ‘இல்’, இர்ரெகுலரில் ஏன் ‘இர்’ என்று பிள்ளைகள் குழம்புவார்கள். பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி, கல்லும் சிலையும் சேர்ந்தால் கற்சிலை. பக்கத்தில் வரும் எழுத்துக்கு ஏற்ப முன்னது வளைகிறது, அவ்வளவுதான். ‘கொம்’ என்ற முன்னொட்டுக்குச் சேர்ந்து என்று பொருள். அது கம்ப்ரஸ், கனெக்ட், கலெக்ட், கரெக்ட் என்று நான்கு விதமாக மாறுகிறது. கலெக்டில் எல் எழுத்தும், கரெக்டில் ஆர் எழுத்தும் ஏன் இரட்டிக்கின்றன என்பது இப்போது புரியும். ஸ்பெல்லிங் தப்பு பாதி இதிலேயே குறைந்துவிடும்.

இங்கே பல பள்ளிகளில் தமிழ் கிடையாது. அதனால் பையனுக்குப் புணர்ச்சி விதி தெரியாமல் இருக்கலாம். அப்படியென்றால் இரண்டையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். ஒன்று மற்றதைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், சொல்லை அவன் பார்க்கும் இடத்திலிருந்து எடுங்கள். பணம் அனுப்பும்போது உங்கள் போனில் பேங்க் ஆப் ‘ஆட் பெனிஃபீஷியரி’ என்று காட்டுமே, அதைக் காட்டுங்கள். யாருக்கு நல்லது செய்யப்படுகிறதோ அவர், அதாவது பணம் போய்ச் சேரும் ஆள்.

ஃபோர்ட் ப்ரூஃப்ரீடர்:

டீச்சர் சொன்ன உருமாற்றம் ரொம்ப முக்கியம், முழுசாக ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எதிர்ப்பக்கத்தை யாராவது சொல்லியாக வேண்டும். நாள் முழுக்க அச்சுப்பிரதி பார்க்கிற வேலை எனக்கு. வேரை வைத்து அர்த்தம் ஊகித்தவர்கள் வாக்கியத்தையே தலைகீழாக்கிய இடங்கள் நிறையப் பார்க்கிறேன்.

மேனுஃபாக்சர் என்பதைப் பிரித்தால் கையால் செய்தது. இன்று யந்திரம் செய்வதற்குத்தான் அந்தச் சொல். கேண்டிடேட் என்பதைப் பிரித்தால் வெள்ளை உடுத்தியவர் என்று வரும், ரோமில் பதவிக்கு நின்றவர்கள் டோகா என்ற மேலாடையை வெள்ளை வெளேரென்று போட்டுக்கொண்டு வாக்குக் கேட்டதால். சுவையான செய்தி, ஆனால் கேண்டிடேட் என்றால் என்ன என்று தெரியாதவனுக்கு இது உதவாது. ‘நைஸ்’ என்ற சொல் அறியாதவன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. போய்ச் சேர்ந்த இடம் எங்கே, புறப்பட்ட இடம் எங்கே!

அதைவிட ஆபத்து, ஒரே மாதிரித் தெரியும் வேறு வேறு வேர்கள். பெடஸ்ட்ரியனில் இருக்கும் ‘பெட்’ லத்தீன், பாதம். பீடியாட்ரிக்ஸில் இருப்பது கிரேக்கம், குழந்தை. அமெரிக்க ஸ்பெல்லிங்கில் இரண்டும் ஒரே மூன்று எழுத்து. ஹோமிசைடில் வரும் ‘ஹோமோ’ லத்தீன், மனிதன். ஹோமோஜீனியஸில் வருவது கிரேக்கம், ஒரே மாதிரி.

மாகுல் ரிஃபைனரிப் பக்கம் போகும் டேங்கர்களின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’, அதாவது எளிதில் தீப்பிடிக்கும் என்று சிவப்பில் எழுதியிருக்கும். ‘இன் என்றால் இல்லை’ என்று மட்டும் ஒப்பித்த பிள்ளை அதைத் தீப்பிடிக்காதது என்றுதான் படிப்பான். அந்த ‘இன்’ வேறு, உள்ளே என்று பொருள் தருவது. இந்தக் குழப்பத்தால் உயிர் போகக்கூடாது என்றுதான் ‘ஃப்ளேமபிள்’ என்று சுருக்கி எழுதும் வழக்கம் பரவியது.

வாசிப்புதான் முதல். வேர் அதற்குப் பின்னால் வரட்டும்.

சயான் சிஸ்டர்:

வித்யா அக்கா, பையன் பயாலஜி படிக்கிறான் என்றால் நான் சொல்வதையும் கேளுங்கள். நர்ஸிங்கில் வேர் தெரியாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. செய்தித்தாள் இங்கிலீஷில் ப்ரூஃப்ரீடர் அண்ணா சொல்வது சரி, ஆனால் மருத்துவச் சொற்கள் வழி மாறிப் போகாது. பெரும்பாலும் வேரை வைத்துக் கட்டியவை, கட்டியபடியே நிற்பவை.

‘ஐடிஸ்’ என்றால் அழற்சி. கேஸ்ட்ரைடிஸ் இரைப்பையில், ஹெபடைடிஸ் கல்லீரலில், ஆர்த்ரைடிஸ் மூட்டில். ‘ஆல்ஜியா’ வலி. ‘ஈமியா’ ரத்தத்தில் இருப்பது. இதற்கு அடுத்தது கவனமாகப் படிக்க வேண்டியது: ‘டமி’ என்று முடிந்தால் வெட்டித் திறப்பது, ‘எக்டமி’ வெட்டி எடுத்துவிடுவது, ‘ஆஸ்டமி’ வெளியே ஒரு வாய் வைப்பது. கொலாஸ்டமி போட்டவருக்கு வயிற்றில் பை இருக்கும். கொலெக்டமி என்றால் பெருங்குடலையோ அதில் ஒரு பகுதியையோ எடுத்திருக்கிறார்கள். காதில் கேட்க இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், நோயாளிக்கு வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம்.

ஒரே உறுப்புக்கு ஏன் இரண்டு பெயர் என்று புதிதாக வரும் பெண்கள் எல்லோரும் கேட்பார்கள். கிட்னிக்கு ‘ரீனல்’ லத்தீன், ‘நெஃப்ரோ’ கிரேக்கம். ரீனல் ஆர்ட்டரி என்போம், டாக்டரை நெஃப்ராலஜிஸ்ட் என்போம். நுரையீரலுக்கு பல்மனரியும் நியுமோவும் அப்படித்தான். பெரும்பாலும் உடலின் பாகத்துக்கு லத்தீன், நோய்க்கும் சிகிச்சைக்கும் கிரேக்கம் என்று வைத்துக்கொண்டால் கொஞ்சம் தெளிவாகும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ரீனல் கால்குலஸ்’ என்று வந்தால் சிறுநீரகக் கல். கால்குலஸ் லத்தீனில் சிறு கல். ரோமர்கள் கூழாங்கல்லை நகர்த்திக் கணக்குப் போட்டார்கள், அதிலிருந்துதான் கால்குலேட் வந்தது. பையன் கணிதத்தில் படிக்கப் போகும் கால்குலஸும் அதேதான்.

இன்னொன்று, ஹைப்பர் என்றால் மேலே, ஹைப்போ என்றால் கீழே. ஹைப்பர்கிளைசீமியா ஷுகர் ஏறியது, ஹைப்போகிளைசீமியா இறங்கியது. போனில் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் வார்டில் சொல்லை மட்டும் சொல்ல மாட்டோம், ‘ஷுகர் லோ, 52’ என்று எண்ணோடு சேர்த்துத்தான் சொல்வோம்.

மாட்டுங்கா டீச்சர்:

சிஸ்டர், அருமை. ஹைப்பர், ஹைப்போ என்று நீங்கள் எடுத்துக் கொடுத்ததால் ஒன்று சேர்க்கிறேன். கிரேக்கத்தில் ‘ஹ’ வரும் பல இடங்களில் லத்தீனில் ‘ஸ’ வரும். ஹைப்பர், சூப்பர். ஹைப்போ, சப். ஹெமி, செமி. ஹெக்ஸா, செக்ஸ் அதாவது ஆறு. ஹெப்டா, செப்டெம். சூரியனுக்கு கிரேக்கத்தில் ஹீலியோஸ், லத்தீனில் ஸோல். சிந்து என்பது பாரசீகர் வாயில் ஹிந்து ஆனதும் இதே மாதிரி மாற்றம். ஹெமிஸ்ஃபியர், செமிசர்க்கிள் இரண்டும் ஏன் பாதி என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் பிடித்துக்கொள்வார்கள்.

ஹீலியோஸ் என்றதும் இதையும் எழுதிவிடுகிறேன். 1868 ஆகஸ்ட் 18இல் நடந்த முழு சூரிய கிரகணத்தை குண்டூரிலிருந்து பார்த்தவர் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென். அந்த ஆண்டு சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோட்டைப் பின்தொடர்ந்துதான் ஹீலியம் என்று ஒரு தனிமம் இருப்பதாக முடிவுக்கு வந்தார்கள். பூமியில் கிடைப்பதற்கு முன்பே சூரியனில் தெரிந்ததால் அந்தப் பெயர்.

முலுண்ட் வித்யா:

எல்லோருக்கும் நன்றி. பெனிஃபீஷியரி விஷயத்தை அப்படியே போனைக் காட்டிச் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டான். இப்போது அவனை மிரட்டுவது பயாலஜியில் விலங்குகளை வகைப்படுத்தும் பாடம். அந்தப் பெயர்களைப் பார்த்தாலே புத்தகத்தை மூடிவிடுகிறான். அதற்கும் இந்த வழி சரிப்படுமா?

டோம்பிவிலி ஜூவாலஜி:

அதற்கென்றே செய்த வழி போல இருக்கும் அக்கா. ஆர்த்ரோபோடா: ஆர்த்ரோ மூட்டு, போடா கால். மூட்டுள்ள கால்கள் கொண்டவை, கரப்பான், நண்டு, தேள். சிஸ்டர் சொன்ன ஆர்த்ரைடிஸில் உள்ள அதே ஆர்த்ரோ. எகைனோடெர்மேட்டா: முள், தோல். நட்சத்திர மீனைத் தொட்டுப் பார்த்தவனுக்கு மறக்காது. பிளாட்டிஹெல்மின்தெஸ்: தட்டை, புழு. மொலஸ்கா: மென்மையானது. அனலிடா: சின்ன வளையங்கள், மண்புழுவின் உடம்பைப் பார்த்தால் தெரியும். போரிஃபெரா: துளைகளைத் தாங்கியது, ஸ்பாஞ்சுகள்.

மீன்களில்தான் எல்லோரும் மாற்றி எழுதுவார்கள். காண்ட்ரிக்தீஸ், ஆஸ்டிக்தீஸ். பின்பாதி ‘இக்தீஸ்’ மீன். ‘காண்ட்ரோ’ குருத்தெலும்பு, ‘ஆஸ்டியோ’ எலும்பு. சுறா, திருக்கை முதல் வகை. வீட்டில் வாங்கும் வாவல், வஞ்சிரம் இரண்டாவது வகை. மீன்காரம்மாவிடம் சின்ன சுறா வாங்கி, அதன் நடு எலும்பு வளைவதையும் வஞ்சிரத்தின் முள் குத்துவதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பாடம் முடிந்தது.

தாவரத்தில் ஜிம்னோஸ்பெர்ம்: மூடாத விதை. ‘ஜிம்னோஸ்’ என்றால் ஆடையில்லாத என்று பொருள். கிரேக்கர்கள் ஆடையில்லாமல் உடற்பயிற்சி செய்த இடம்தான் ஜிம்னேசியம். கோனிஃபர் என்றால் கூம்பு தாங்கியது, போரிஃபெராவில் வரும் அதே ‘ஃபெர்’.

பெயரை நம்பி அறிவியலைக் கற்கக் கூடாது, அதையும் சொல்லி வையுங்கள். ஆக்ஸிஜன் என்றால் அமிலத்தை உண்டாக்குவது. எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாஸியே நினைத்து வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜனே கிடையாது.

ஐரோலி அருண்:

யாரும் சொல்லாத ஒன்று. பையனுக்கு மராத்தி தெரியும் என்றீர்களே, அது பெரிய பலம். மராத்தியில் பல்லுக்கு ‘தாத்’, லத்தீனில் ‘டென்ட்’, அதிலிருந்து டென்டிஸ்ட். மராத்தியில் ‘நாவ்’ என்றால் பெயர், படகு இரண்டும். லத்தீனில் பெயர் ‘நோமென்’, அதிலிருந்து நாமினி. படகு ‘நாவிஸ்’, அதிலிருந்து நேவி. அக்னி, இக்னிஸ், இக்னிஷன். ஏழுக்கு சப்த, செப்டெம்பர். பத்துக்கு தச, டெசிமல். 1786இல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசியது இதைப் பார்த்துத்தான்.

தமிழ் அந்தக் குடும்பம் இல்லை. தந்தம், நாமம், தசமம் என்று நாம் புழங்குவதெல்லாம் சமஸ்கிருதம் வழியாக வந்தவை. நம் பக்கத்திலிருந்து போனதும் உண்டு. இஞ்சி என்ற சொல் பிராகிருதம் வழியாக கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’ ஆகி, லத்தீன் தொட்டு ஜிஞ்சர் ஆனது என்பது அகராதிகளில் இருக்கிறது.

முலுண்ட் வித்யா:

அருண், மராத்தி விஷயத்தைக் கேட்டவுடன் அவனுக்கு ஒரே உற்சாகம். இன்று அவனாகவே ஒரு கேள்வி கேட்டான். இன்ஃபெக்ஷனில் இருப்பதும் டீச்சர் சொன்ன ‘ஃபெக்ட்’ தானா? உள்ளே, செய்தல். அது எப்படி நோய்த்தொற்று ஆகும்?

மாட்டுங்கா டீச்சர்:

நல்ல கேள்வி, அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அதேதான். லத்தீனில் ‘இன்ஃபிகெரெ’ என்றால் சாயத்தில் தோய்ப்பது. துணி நிறம் மாறும், கறை படியும். கறை படுவதிலிருந்து கெட்டுப்போவது, அதிலிருந்து நோய் தொற்றுவது என்று பொருள் நகர்ந்தது. வேரை மட்டும் வைத்து இதை ஊகித்திருக்க முடியாது, ப்ரூஃப்ரீடர் சொன்னது இங்கே பொருந்தும். ஆனால் கதை தெரிந்த பிறகு மறக்கவும் முடியாது.

நோட்டில் எழுதும் முறையை மட்டும் மாற்றுங்கள். முதலில் வேரை எழுத வேண்டாம். சொல்லைப் பார்த்த வாக்கியத்தை அப்படியே எழுதட்டும். கீழே சொல்லைப் பிரிக்கட்டும். அதே வேர் உள்ள, அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு சொல்லைப் பக்கத்தில் எழுதட்டும். தெரிந்த சொல் கிடைக்கவில்லை என்றால் அந்த வேர் இப்போதைக்கு வேண்டாம். டியூஷன் தாளில் உள்ள வேர்கள் தானாக ஒவ்வொன்றாக இதில் வந்து விழும்.

ஃபோர்ட் ப்ரூஃப்ரீடர்:

இப்படியென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை டீச்சர். ஒன்று மட்டும்: பிரித்ததைச் சரிபார்க்க, சொல் வந்த வழி போட்டிருக்கும் அகராதி கட்டாயம் வேண்டும். கையடக்க அகராதிகளில் பெரும்பாலும் அது இருக்காது. பெரிய பதிப்பில் பதிவின் முடிவிலோ தொடக்கத்திலோ அடைப்புக்குள் ‘எல்’, ‘ஜிகே’, ‘ஓஎஃப்’ என்று சுருக்கமாக இருக்கும். லத்தீன், கிரேக்கம், பழைய பிரெஞ்சு. முதலில் இருப்பது கடைசியாகத் தங்கிய வீடு, வலப்பக்கம் போகப் போகப் பழைய வீடு. ஸ்பெல்லிங் பீ போட்டிகளில் பிள்ளைகள் சொல்லைக் கேட்டதும் ‘எந்த மொழியிலிருந்து வந்தது’ என்று கேட்பது இதற்காகத்தான். கிரேக்கம் என்று தெரிந்தால் எஃப் ஒலிக்கு பி-எச் எழுதலாம், க ஒலிக்கு சி-எச் எழுதலாம் என்று ஊகிக்க முடியும்.

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் பழைய பெரிய அகராதிகள் கிடைக்கும். வாங்குமுன் புரட்டி, அந்த அடைப்புக்குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் பக்கம் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

முலுண்ட் வித்யா:

இந்த ஞாயிறு அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். டியூஷன் தாள் ஓடட்டும், நோட்டு டீச்சர் சொன்ன மாதிரி. இன்றைக்கு முதல் பக்கத்தில் இன்ஃபெக்ஷன், பக்கத்தில் டிஃபெக்ட், பெர்ஃபெக்ட்.

ஐரோலி அருண்:

ஞாயிறு என்றால் சென்ட்ரல் லைனில் மெகா பிளாக், அதாவது தண்டவாள வேலைக்காக ரயில்களை மாற்றிவிடுவது, இருக்கிறதா என்று சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள் அக்கா. ஸ்லோ வண்டி மாட்டுங்காவில் நிற்காமல் போகும் நாளாக இருந்தால் தாதரில் இறங்கித் திரும்ப வேண்டியிருக்கும்.